பாபாவிடம் ரிப்போர்ட், பழனியில் காவடி

பாகிஸ்தான் எல்லைப் பக்கத்துப் பனியாறு சியாச்சின். ஜவானாக அங்கே ஏறும்போது இருக்கிற பயத்தைவிட, இறங்கப் போகிற கடைசி வாரத்துப் பயம்தான் பெரியது. அங்கே நின்றுவிட்டு வந்த யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். ஏறும்போது ஒன்றும் தெரியாது. இறங்கும் நேரத்தில் எல்லாம் தெரிந்திருக்கும். பனி எந்தப் பக்கம் சரியும், வெடிப்பு எங்கே வாய் திறக்கும், எதிரில் இருப்பவன் எந்த நேரத்தில் ஷெல் அடிப்பான், எல்லாம். போதாக்குறைக்கு வீட்டு நினைப்பும் அப்போதுதான் கிளம்பும்.

நான் இருந்தது 2002-ல். சண்டை நிறுத்தம் வந்தது 2003 நவம்பரில். அதனால் எங்களுக்கு ஷெல்லும் உண்டு, பனியும் உண்டு. காவல் போஸ்டின் பெயரைச் சொல்ல மாட்டேன், பழக்க தோஷம். குளிர்காலத்தில் மைனஸ் 50 வரைக்கும் இறங்கும் இடம். சுமார் மூன்று மாதத்தில் ஆளை மாற்றிவிடுவார்கள், அதற்கு மேல் உடம்பு தாங்காது. எங்கள் ரிலீஃப் பார்ட்டி வர வேண்டிய நாளில் பனிப்புயல். ‘வெதர் சரியில்லை, தள்ளிப் போகிறது’ என்று ரேடியோவில் சொன்னார்கள். மறுநாளும் அதே பாட்டு. லீவு சாங்ஷன் ஆகிவிட்டது, கால்தான் நகரவில்லை.

அந்த வாரத்தில் என்னிடம் இருந்த ஒரே பலம் அம்மாவின் கடிதம். 56 ஏபிஓ என்ற ராணுவத் தபால் முகவரிக்குப் போட்டது, ரேஷனோடு சீட்டா ஹெலிகாப்டரில் மேலே வந்தது. இன்லண்டு லெட்டருக்குள் எதையும் வைக்கக் கூடாது என்று அதன் மேலேயே அச்சடித்திருக்கும். அம்மாவுக்கு அதெல்லாம் கிடையாது. காலண்டர் தாளில் மடித்துப் பழனி விபூதி வைத்திருந்தாள். ‘நீ முழுசா வந்து சேர்ந்தாப் போதும் கண்ணு, மொட்டை போட்டு பால் காவடி எடுக்கறதா முருகன்கிட்டச் சொல்லிட்டேன்’ என்று எழுதியிருந்தாள். அங்கே எல்லாமே மண்ணெண்ணெய் நாற்றம்தான். அடுப்பும் மண்ணெண்ணெய், விளக்கும் மண்ணெண்ணெய், துப்பினால் எச்சில் கருப்பாக வரும். அந்தப் பொட்டலத்தை மூக்கருகே வைத்தால் ஒரு விநாடி பழனி மணக்கும். சென்ட்ரி டூட்டிக்குப் போகும்முன் ஒரு சிட்டிகை.

அப்புறம்தான் எங்களோடு இருந்த இளம் ஜவான், ராமநாதபுரத்துத் தம்பிக்கு இருமல் ஆரம்பித்தது. ராத்திரிக்குள் நெஞ்சில் களகளவென்று சத்தம். நுரையீரலில் நீர் கோர்த்துவிட்டது. உடனே கீழே இறக்குவதுதான் இதற்கு வழி. வெளியே புயல், ஹெலிகாப்டர் வர முடியாது. ஆக்சிஜனை மாட்டிவிட்டு, மாற்றி மாற்றி அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். ‘அண்ணே, நான் ஊருக்குப் போவேனாண்ணே?’ என்று கேட்டான். மிச்சமிருந்த விபூதி முழுவதையும் அவன் நெற்றியில் பூசிவிட்டேன். முருகனிடம் பேரம் பேசினேன் என்றுதான் சொல்ல வேண்டும். இவனையும் சேர்த்து இறக்கிவிடு, இல்லையென்றால் அம்மா சொன்ன காவடி உனக்குக் கிடையாது என்று சண்டையே போட்டேன். விடிந்து கொஞ்ச நேரத்துக்கு மேகம் விலகியது. சீட்டா வந்தது. இன்ஜினை நிறுத்தாமலே தம்பியை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. நான் ‘முருகா!’ என்று கத்த, சுபேதார் சாப் சியாச்சின் ஜவான்கள் கும்பிடும் காவல் தெய்வத்தை அழைத்து ‘ஜெய் ஓபி பாபா!’ என்று கத்தினார். யாருக்குக் கேட்டதோ, கேட்டது.

ரிலீஃப் வந்தது. போஸ்டை ஒப்படைத்துவிட்டு ராத்திரியில் இறங்க ஆரம்பித்தோம். வெயில் ஏறினால் பனி இளகும், அதனால் இருட்டில்தான் நடை. எல்லோரும் ஒரே கயிற்றில், முன்னால் போகிறவர் கால் வைத்த தடத்திலேயே. வெடிப்புகளின் மேல் ஏணியைப் படுக்கப் போட்டிருப்பார்கள். படிக்கு ஒரு முருகா. கீழே டார்ச் அடித்துப் பார்க்காதே என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். பார்க்கவில்லை.

பேஸ் கேம்ப் வந்ததும் குளியல் கிடையாது, சாப்பாடு கிடையாது. முதலில் பாபா கோயில். மேலே போகும்முன் அவரிடம் ரிப்போர்ட் கொடுத்துவிட்டுத்தான் போயிருந்தோம், இறங்கியதும் கொடுத்தாக வேண்டும். 1980-களில் மலவுன் போஸ்டில் தனி ஆளாக நின்று எதிரியைத் தடுத்ததாகச் சொல்லப்படும் ஓம்பிரகாஷ் என்ற ஜவான்தான் பாபா. ஆபத்து வரும்முன் கனவில் வந்து எச்சரிப்பார். அதற்கு மேல் யாரும் விசாரிப்பதில்லை, விசாரித்து ஆகப்போவதும் இல்லை.

ஐஸ் ஆக்ஸையும் கயிற்றையும் வெளியில் வைத்துவிட்டு வரிசையில் நின்றோம். தாடியும் கரி படிந்த முகமுமாக ஒருவரை ஒருவர் அடையாளம் தெரியவில்லை. சுபேதார் சாப் விறைப்பாக சல்யூட் அடித்தார். கமாண்டிங் ஆபீசரிடம் சொல்வதுபோலவே இந்தியில் ஆரம்பித்தார். ‘பாபா, பார்ட்டி இறங்கி வந்துவிட்டது. ஒரு ஜவான் ஆஸ்பத்திரியில்...’ அதற்குமேல் அவருக்கு வரவில்லை. உயரத்தில் இருந்து வந்தால் நாக்கு குழறும், அதனால் என்று நினைத்தேன். பார்த்தால் மனுஷன் அழுகிறார். என்னை ஐஸில் தவழவிட்டுத் திட்டித் தீர்த்த ஆள். கொஞ்ச நேரம் கழித்து, ‘மற்ற எல்லோரும் ஹாஜர்’ என்று முடித்தார். எல்லோரும். அந்த ஒரு சொல்லுக்காகத்தானே அத்தனை நாள். நானும் உடைந்துவிட்டேன். பாபா கேட்டுக்கொண்டிருந்தார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அன்று சாயங்காலமே செய்தி வந்தது: தம்பி பிழைத்துவிட்டான், எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறான்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகம். சவரம் செய்த தண்ணீர் தார்போல ஓடியது. வழியில் பனாமிக் வெந்நீர் ஊற்றில் ஒரு குளியல், கர்துங் லா கணவாய், லே நகரம். ஸ்பிதுக் மடத்துக் காளியைப் பார்க்க நேரமில்லை, விமான நிலையத்திலிருந்தே கும்பிட்டேன். சண்டிகர் வரை விமானம், அங்கிருந்து ரயில், உடுமலைப் பக்கத்தில் வீடு.

பங்குனி உத்திரம் முடிந்தும் பழனியில் கூட்டம் குறையவில்லை. அடிவாரத்தில் ஒரு புரோக்கர் எங்களை விடவே இல்லை. அர்ச்சனைத் தட்டு, மாலை, சீக்கிர தரிசனம் என்று ஆளுக்கொரு விலை சொன்னான். ‘மிலிட்டரிக்காரரா? அப்ப உங்களுக்குத் தனி ரேட்’ என்று ஏற்றியே சொன்னான். எதிரியிடம்கூட எனக்கு இவ்வளவு கோபம் வந்ததில்லை. அம்மா, ‘உடுய்யா, கோயிலுக்கு வந்துட்டு எதுக்கு’ என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். மொட்டை போட்டு, திருவாவினன்குடியில் கும்பிட்டுவிட்டு, காவடியோடு இருட்டிலேயே படியேறினேன். அந்த உயரத்தில் மூச்சு வாங்கிப் பழகியவனுக்கு இந்த மலை ஒன்றுமில்லை என்று நினைத்தேன். இடும்பன் சன்னதி வருவதற்குள்ளேயே முட்டி கழன்றது.

விடியற்காலை நேரம். கோவணத்தோடு, கையில் தண்டோடு, வெற்று மார்பாக ஆண்டி நிற்கிறான். அம்மாவுக்கு ராஜ அலங்காரம் பார்க்க ஆசை. எனக்கு அந்தக் கோலம்தான் வேண்டியிருந்தது. உடம்பில் எத்தனை அடுக்குத் துணி சுற்றிக்கொண்டு நடுங்கியிருக்கிறேன்! அப்பனே, நீ இப்படி நின்றுகொண்டே என்னைக் காத்தாயா என்று கேட்கத்தான் வந்தது. வேண்டிக்கொள்ள எதுவும் தோன்றவில்லை. ‘நகருங்க, நகருங்க’ என்று தள்ளிவிட்டார்கள்.

2016 பிப்ரவரியில் சோனம் போஸ்டில் பனி சரிந்து மதராஸ் ரெஜிமெண்ட் ஜவான்கள் 10 பேர் போனார்கள், அதில் நாலு பேர் நம் தமிழ்நாடு. அவர்கள் வீட்டிலும் வேண்டிக்கொண்டுதான் இருந்திருப்பார்கள். அந்த வருஷம் பழனிக்குப் போனபோது நன்றி சொல்ல வாய் கூசியது. ஆனாலும் சொன்னேன். சொல்லாமல் எப்படி இருக்க முடியும்?

காவடி இறக்கிய அன்றே, படியிறங்கும்போது அம்மா மெதுவாக ஆரம்பித்தாள். ஹெலிகாப்டரில் போன தம்பியைப் பற்றி நான் எஸ்டிடி போனில் சொன்னதைக் கேட்டு, அவன் குணமானால் தங்கத்தேர் இழுப்பதாக வேண்டிக்கொண்டாளாம். ‘யாரு பணம் கட்டறது?’ என்றேன். ‘நீதான். உன்ற தம்பிதானே?’ என்றாள். அடுத்த லீவில் அவனையும் வரச் சொல்லி, மூன்று பேருமாக இழுத்தோம். கூட்டம் அன்றைக்கும் அப்படித்தான்.