நர்சிங் போலாமா வேணாமா: ஒரு முடிவுக்கு வர்றதுக்குள்ள பட்ட பாடு

நர்சிங் சேர்றதுக்கு வேணும்னு அலைஞ்ச சாதிச் சான்று ஒருவழியா வந்துருச்சு. போன்ல மெசேஜ் பாத்ததும் கை நடுங்குச்சு, அம்மா அழுதுட்டாங்க. நர்சிங் சேரலாமான்னு யோசிக்கிற பொண்ணுங்க, முக்கியமா நீலகிரியில கூடலூர் பந்தலூர் பக்கம் சிலோன்லேருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைங்க, நான் அலைஞ்ச மாதிரி அலையக்கூடாதுன்னுதான் இத எழுதுறேன்.

நான் பிளஸ் டூ பயாலஜி குரூப். முடிச்ச கையோட திருப்பூர்ல ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில செக்கிங் வேலைக்குப் போயிட்டேன், வீட்டு நெலம அப்படி. 2025 ஆகஸ்ட்ல அமெரிக்காவுல 50 சதவீதம் வரி போட்டாங்கல்ல, அதுக்கப்புறம் மொதல்ல ஓவர்டைம் போச்சு, அப்புறம் வாரத்துக்கு மூணு நாள் வேலைன்னாங்க, கடைசியில எங்க செக்ஷன்ல பாதிப் பேர ஊருக்கு அனுப்பிட்டாங்க. கோயம்புத்தூர்ல தேடிப் பாத்தேன், டிகிரி முடிச்சவங்களே 12,000 ரூபாய்க்கு வரிசையில நிக்கிறாங்க.

ஊருக்கு வந்ததும் எல்லாரும் சொன்ன ஒரே வார்த்தை "நர்சிங் படி, நர்சுக்கு மட்டும் வேலை இல்லாம போகாது". அப்பா வேற, ஊட்டியில 700 பெட்டோட புது மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி தொறந்துருக்காங்களே, அங்க எவ்வளவு நர்ஸ் வேணும் பாருன்னு சொல்லிட்டே இருந்தாரு. இது உண்மையான்னு தெரியாம நாலு வருஷத்த கொடுக்க முடியாதுன்னு எனக்குத் தோணுச்சு, அதனால கேக்க ஆரம்பிச்சேன்.

மொதல்ல எங்க எஸ்டேட்ல மேல் லைன் வீட்டுல இருக்கற அக்காகிட்ட. அவங்க பி.எஸ்சி நர்சிங் முடிச்சு தனியார் ஆஸ்பத்திரியில இருந்துட்டு இப்ப அரசு ஆஸ்பத்திரியில கான்ட்ராக்ட்ல இருக்காங்க. அவங்க ஒண்ணும் மறைக்கல. 2015ல எம்ஆர்பி, அதாவது அரசு ஆஸ்பத்திரிக்கு ஆள் எடுக்கற மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தோட பரீட்சை எழுதி உள்ள போனவங்களுக்கே மாசம் 7,700 ரூபாய்தான் தொகுப்பூதியம், நிரந்தரம் பண்ணுங்கன்னு 2017ல சென்னையில சுகாதாரத்துறை ஆபீஸ் இருக்கற டிஎம்எஸ் வளாகத்துல உக்காந்து போராட வேண்டியிருந்துச்சு, அப்புறம் 14,000 ஆகி இப்ப 18,000ல நிக்குதுன்னாங்க. கொரோனாவுல உசுரக் கொடுத்து வேலை பாத்த ஒப்பந்த நர்சுங்கள 2022 டிசம்பர் 31ஓட போகச் சொன்னதையும் சொன்னாங்க. "ஆஸ்பத்திரியில பெட் கூடுனா நிரந்தர போஸ்ட் கூடும்னு நெனக்காத, ரெண்டும் வேற வேற"ன்னு சொன்னது இன்னும் மனசுல நிக்குது. தனியார்ல சம்பளம் இன்னும் கம்மி. 2016லயே மத்திய அரசு போட்ட கமிட்டி, 50 பெட்டுக்குக் கீழ இருக்கற சின்ன ஆஸ்பத்திரியில கூட நர்சுக்கு 20,000க்குக் கொறையக் கூடாதுன்னு சொல்லியிருக்கு, அந்தப் பேப்பர் பேப்பராவே கெடக்குது.

ஆக வேலை கிடைக்கும்ங்கறது உண்மை. அந்த வேலையில கடன் அடைக்க முடியுமாங்கறதுதான் கேள்வி. இத யாருமே எங்கிட்ட மொதல்ல சொல்லல, அதான் இப்ப நான் சத்தமா சொல்றேன்.

அடுத்தது இன்ஸ்டிட்யூட் கதை. பக்கத்து டவுன்ல ஒரு மாடியில போர்டு, "நர்சிங் டிப்ளமோ, ஒரு வருஷம், 100 சதவீதம் வேலை, ஜெர்மனி வாய்ப்பு". என் கூட்டாளியும் நானும் போனோம். அங்க இருந்த மேடம் ரொம்ப இனிமையா பேசுனாங்க, டீ வேற கொடுத்தாங்க. "உங்க கோர்ஸ் இந்தியன் நர்சிங் கவுன்சில் லிஸ்ட்ல இருக்கா, முடிச்சா தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலான டிஎன்என்எம்சில ரிஜிஸ்டர் பண்ண முடியுமா"ன்னு அக்கா சொல்லிக் கொடுத்த கேள்விய கேட்டதும் மொகம் மாறிருச்சு. "அதெல்லாம் பெரிய காலேஜுக்கும்மா, நம்மளது ஸ்கில் கோர்ஸ்"னாங்க. நல்லா கேட்டுக்கோங்க, ஒரு வருஷத்துல நர்ஸ் ஆகவே முடியாது. பி.எஸ்சி 4 வருஷம், ஜிஎன்எம்ங்கற நர்சிங் டிப்ளமோ 3 வருஷம், ஏஎன்எம்ங்கற துணை நர்ஸ் கோர்ஸ் 2 வருஷம். கவுன்சில்ல ரிஜிஸ்டர் ஆகலன்னா எம்ஆர்பி பரீட்சையும் எழுத முடியாது, வெளிநாடும் போக முடியாது, ஆஸ்பத்திரியில உதவியாளாத்தான் கடைசி வரைக்கும். நான் எந்திரிச்சு வந்துட்டேன். என் கூட்டாளி வீட்டுல அவசரப்பட்டு அட்வான்ஸ் கட்டி பத்தாவது, பிளஸ் டூ ஒரிஜினல் மார்க் ஷீட்டையும் கொடுத்துட்டாங்க. இப்ப வேணாம்னு சொன்னா முழு பீஸ் கட்டுனாத்தான் ஒரிஜினல் தருவாங்களாம். எந்த இடமா இருந்தாலும் ஒரிஜினல கையில கொடுத்துட்டு வராதீங்க, ஜெராக்ஸ் மட்டும் கொடுங்க, அதுக்கும் ரசீது கேளுங்க.

ஜெர்மனி பத்தியும் விசாரிச்சேன். எங்களுக்கு வயநாடு பக்கம், சேரம்பாடி தாண்டுனா கேரளா, அதனால வெளிநாடு போன சேச்சிங்க நெறைய பேர தெரியும். ஜெர்மன் பாஷை பி2 வரைக்கும் படிச்சுப் பாஸ் ஆகணும், அது வெளையாட்டு இல்ல, வேலை பாத்துக்கிட்டே படிச்சு நொந்துபோனவங்க இருக்காங்க. இங்கிலாந்துல முன்ன மாதிரி ஆள் எடுக்கறதும் கொறஞ்சுருச்சு. போறதா இருந்தா சென்னை கிண்டியில அரசோட அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978லேருந்து இருக்கு, அங்க கேளுங்க. தனியார் ஏஜென்ட்னா பதிவு நம்பர் கேளுங்க, அவங்க சட்டப்படி வாங்கக்கூடிய சர்வீஸ் சார்ஜ் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான், லட்சக்கணக்குல கேட்டா திரும்பிப் பாக்காம வந்துருங்க.

இவ்வளவு கேட்டும் எனக்கு ஆசை போகல. அதுக்கு ஒரு காரணம் கூடலூர்ல அஸ்வினிங்கற தொண்டு நிறுவனம் நடத்துற ஆதிவாசி ஆஸ்பத்திரி. தெரிஞ்சவங்கள பாக்கப் போனப்ப அங்க வார்டுல நின்னேன். பணியர் வீட்டுப் பொண்ணுங்க, குறும்பர் வீட்டுப் பொண்ணுங்க நர்ஸா நிக்கிறாங்க, ஒரு வயசானவருக்கு அவரு பாஷையிலயே பேசி டிரிப் போட்டாங்க, அவரு பயப்படாம கைய நீட்டுனாரு. நம்ம எஸ்டேட் ஜனத்துக்கு இப்படிப் பேச நம்ம ஆள் எத்தன பேர் இருக்காங்கன்னு அன்னிக்கு ராத்திரி பூரா யோசிச்சேன். அன்னிக்குத்தான் முடிவு பண்ணேன்: படிக்கிறது, ஆனா கவுன்சிலிங் வழியா மட்டும். மேனேஜ்மென்ட் கோட்டா, கல்விக் கடன் ரெண்டும் வேணாம்.

அப்பதான் சான்று பிரச்சன வந்து நின்னுச்சு. எஸ்சி பிள்ளைங்களுக்கு வருமானம் ரெண்டரை லட்சத்துக்குள்ள இருந்தா போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப் உண்டு, அது இல்லாம தனியார் காலேஜ் அரசு சீட் கூட எங்க அப்பா சம்பளத்துல முடியாது. வருமானச் சான்று, இருப்பிடச் சான்று ரெண்டும் இ-சேவையில போட்டதும் சுலபமா வந்துருச்சு. சாதிச் சான்று மட்டும் ரிஜெக்ட். என் டிசியில "வருவாய்த்துறை சான்றைப் பார்க்கவும்"னு இருக்கு, வருவாய்த்துறையில போனா "டிசியில என்ன போட்டிருக்கு"ன்னு கேக்கறாங்க. அப்பாவுக்கும் சான்று கெடயாது. பாட்டி மண்டபம் கேம்ப் வழியா வந்தப்ப கொடுத்த குடும்ப அட்டை இருக்கு, மடிச்ச எடமெல்லாம் கிழிஞ்சு செலோடேப் மஞ்சளாப் போயிருக்கும், பாட்டியோட கைநாட்டு, புள்ளைங்க பேரு, வயசு எல்லாம் இருக்கு, சாதி இல்ல. ஒரு ஆபீஸ்ல இருந்த கிளார்க் அத தொட்டுக்கூட பாக்கல. "ஏம்மா, சிலோன்ல இருந்து வந்தா நீங்க யாருன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்"னாரு. அம்மா அன்னிக்கு எஸ்டேட் வேலைக்குப் பேர் போடாம ஒரு நாள் சம்பளத்த விட்டுட்டு என்கூட வந்து நின்னாங்க, அவங்க முன்னாடி அப்படிக் கேட்டாரு. அந்த வார்த்த எனக்கு இன்னும் ஆறல. அடுத்த தடவ ரோட்டுல யானை நின்னு பஸ்ஸு லேட்டு, போய்ச் சேர்றதுக்குள்ள ஆபீசர் கெளம்பிட்டாரு.

வழி காட்டுனது அக்காவோட வீட்டுக்காரர்தான். "உங்க அப்பா படிச்ச பள்ளிக்கூடத்துல சேர்க்கைப் பதிவேடு இருக்கும், அந்தக் காலத்துல சாதிய எழுதித்தான் சேப்பாங்க, அதுல நகல் வாங்கு"ன்னாரு. அப்பா மூணாவது வரைக்கும் படிச்ச எஸ்டேட் ஸ்கூல் இன்னும் இருக்கு. ஹெச்எம் டீச்சர் பீரோவுக்கு மேல இருந்த பதிவேட்டுக் கட்ட எறக்கி தூசி தட்டி ஒவ்வொரு பக்கமா பாத்தாங்க. ஓரமெல்லாம் பூச்சி அரிச்சிருந்துச்சு, எங்க அப்பா பேரு இருந்த வரி மட்டும் முழுசா இருந்துச்சு. சாதி, தாத்தா பேரு, எஸ்டேட் பேரு, எல்லாம் நீல மையில. அங்கயே நகல் எழுதி சீல் வச்சுக் கொடுத்தாங்க, அந்த டீச்சர் நல்லா இருக்கணும்.

அந்த நகல், குடும்ப அட்டை, சித்தப்பா மகனோட சாதிச் சான்று மூணையும் சேத்து ஊட்டி கலெக்டர் ஆபீஸ் திங்கக்கிழமை குறைதீர்ப்புல மனு கொடுத்தேன். மனு நம்பர் ரசீத மறக்காம வாங்குங்க. அந்த நம்பர வச்சுக்கிட்டு அப்புறம் புதுசா இ-சேவையில போட்டதும் விஏஓ, ஆர்ஐ ரெண்டு பேரும் வீட்டுக்கே வந்து விசாரிச்சாங்க.

இப்ப என் கணக்கு இதுதான். அரசு காலேஜ் பி.எஸ்சி கெடச்சா கண்ண மூடிட்டு சேருவேன், ஆனா சீட்டு ரொம்பக் கம்மி. அடுத்தது அரசு ஆஸ்பத்திரி ஜிஎன்எம், அதுக்கப்புறம் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி, அதாவது ஜிஎன்எம் முடிச்சவங்க படிக்கிற டிகிரி, பண்ணிக்கலாம். மூணாவதாத்தான் தனியார் காலேஜ் அரசு கோட்டா, அதுவும் கவுன்சில் லிஸ்ட்ல பேர பாத்துட்டு. வயசு 35 வரைக்கும் பி.எஸ்சிக்கு இடம் இருக்கு, அதனால ரெண்டு மூணு வருஷம் கேப் ஆயிருச்சேன்னு பயந்து கண்ட எடத்துல பணம் கட்டாதீங்க.

வர்ற திங்கக்கிழமை கூட்டாளியோட திரும்ப ஊட்டி போறேன், அந்த இன்ஸ்டிட்யூட்டுகிட்ட மாட்டியிருக்கற அவ மார்க் ஷீட்டுக்கு மனு எழுதி வச்சாச்சு.