ஓட்டோடூல்ஸிலிருந்து மெசனுக்கு: மாக்ரோக்கள் ஒருவழியாக ஒத்துப்போயின

நேற்றிரவு, இரண்டு கோப்புகளின் வேறுபாட்டைக் காட்டும் டிஃப் கட்டளையைப் போட்டேன், திரையில் ஒரு வரிகூட வரவில்லை. பாமினியில் (ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய எழுத்துரு) அடித்த பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் என் சி நிரலுக்கு, மூலநிரலைக் கட்டியெடுக்க உதவும் கருவிகளான ஓட்டோகொன்ஃபும் (பழைய ஓட்டோடூல்ஸின் ஒரு பகுதி) மெசனும் (புதியது) இப்போது ஒரே மாக்ரோக்களை, அதாவது கணினியில் என்ன இருக்கிறது என்று நிரலுக்குச் சொல்லும் பெயர்களை, தருகின்றன. கிளிநொச்சியில் இதை யாரிடம் சொல்லிப் பெருமைப்படுவது? அதனால்தான் எழுதுகிறேன்.

ஏன் மாற்றினாய் என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள். நிரல் கொம்பைல் ஆகும் நேரத்தைவிட கணினியில் என்னென்ன இருக்கிறது என்று முதலில் சோதிக்கும் ஓட்டோகொன்ஃபின் கொன்ஃபிகர் ஓடும் நேரம் கூட. ஒவ்வொரு சோதனைக்கும் குட்டி நிரல் ஒன்றை எழுதிக் கொம்பைலரை எழுப்பினால் என் பழைய மடிக்கணினிதான் என்ன செய்யும்.

ஓட்டோடூல்ஸின் கட்டுமானக் கோப்பான மேக்ஃபைல்.ஏஎம்மை மெசனுக்கான மெசன்.பில்டாக்க பைதனில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். மூலக்கோப்புகள், நூலகங்கள், சோதனைகள் எல்லாம் வில்லங்கமில்லாமல் வந்துவிட்டன. மெசனில் கட்டிய நிரலுக்குப் பாமினியின் mk;kh கொடுத்தால் அம்மா வருகிறது. வெளியீட்டுப் பொதியில் சேர்க்க வேண்டிய மேலதிகக் கோப்புகளின் எக்ஸ்ட்ரா_டிஸ்ட் பட்டியலையும் ஸ்கிரிப்ட் விசுவாசமாகத் தூக்கிவந்தது, அதை அழித்தாயிற்று. மெசன் டிஸ்ட் கட்டளை, கிட்டில் (நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) கொமிட் செய்த எல்லாவற்றையும் தானே பொதி கட்டிவிடும்.

தலையிடி முழுக்க 'இது இருக்கிறது' என்று சொல்லும் ஹேவ்_ மாக்ரோக்களில். மெசனின் மூலநிரலோடு டூல்ஸ் அடைவில் ஏசி_கொன்வேர்ட்டர் என்ற ஸ்கிரிப்ட் வருகிறது. தொடங்க நல்லது, ஆனால் தன் பட்டியலில் உள்ள பெயர்களை மட்டும்தான் அதற்குத் தெரியும். மிச்சம் நம் பாடு.

ஓட்டோகொன்ஃப் ஒரு ஹெடரையோ ஃபங்ஷனையோ கண்டால் 1 என்று டிஃபைன் பண்ணும், காணாவிட்டால் டிஃபைனே பண்ணாது. ஒரு பெயர் ஹெடரில் அறிவிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கும் ஏசி_செக்_டெக்ல்ஸ் மட்டும் வேறு ரகம்: இருந்தால் 1, இல்லாவிட்டால் 0, எப்படியும் டிஃபைன் ஆகியே இருக்கும். மெசனில் மாக்ரோவை எழுதும் செட்டுக்கு ட்ரூ கொடுத்தால் மதிப்பில்லாத வெறும் டிஃபைன்தான் கிடைக்கும். நிரலில் மதிப்பைப் பார்க்கும் #இஃப் இருந்தால் கொம்பைலர் உடனே கத்தும். கத்தினால் நல்லது, தெரிந்துவிடும். எல்லாவற்றுக்கும், 1 அல்லது 0 எழுதும் செட்10 போட்டால்தான் ஆபத்து. இல்லாத ஃபங்ஷனுக்கு 0 விழும், டிஃபைன் ஆகியிருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் #இஃப்டெஃப் அந்த 0வைப் பார்த்து 'இருக்கிறது' என்று தலையாட்டும். லினக்ஸில் எல்லா ஃபங்ஷனும் இருப்பதால் அங்கே ஒன்றும் தெரியாது. விண்டோஸுக்குக் கொண்டுபோனால்தான் வெடிக்கும்.

ஆக, என் ஸ்கிரிப்ட் ஓட்டோகொன்ஃபை அப்படியே பின்பற்ற வேண்டும். ஏசி_செக்_டெக்ல்ஸ் தரும் ஹேவ்_டெக்ல்_ பெயர்களுக்கு மட்டும் செட்10. மற்றவற்றுக்குக் கண்டால் 1, காணாவிட்டால் தொடவே கூடாது. இந்தத் துண்டு சில வரிதான், ஆனாலும் முழு ஸ்கிரிப்டிலும் எனக்குப் பிடித்தது இதுதான்.

மாக்ரோக்கள் எழுதப்படும் கொன்ஃபிக்.எச் கோப்பு இரண்டையும் நேரே டிஃப் போடாதீர்கள். வரிசையும் குறிப்புகளும் வேறாக இருப்பதால் பக்கம் பக்கமாகக் கொட்டும். ஜிசிசி கொம்பைலருக்கு -டிஎம் -ஈ கொடுத்தால் மாக்ரோக்களை மட்டும் கக்கும். அதை சோர்ட் பண்ணி ஒப்பிடுங்கள். எனக்குக் கடைசிவரை இழுத்தடித்தது நிரலின் பெயரையும் பதிப்பையும் சொல்லும் பக்கேஜ்_ஸ்ட்ரிங் கூட்டம். ஓட்டோகொன்ஃப் கேளாமலே தருவதை மெசனில் கையால் எழுத வேண்டும்.

இடையில் ஒரு புலம்பல். என் மடிக்கணினிக்கு டிடிஆர்3 ரேம் (பழைய வகை நினைவகம்) தேடி வவுனியாவரை போனேன். 'புதுசு' என்று கடைக்காரர் எடுத்துத் தந்ததன் காலில் தேய்ந்த கோடுகள். வாங்கவில்லை. யாழ்ப்பாணத்தில் நம்பிக்கையான பழைய சாமான் கடை தெரிந்தால் சொல்லுங்கள்.

அடுத்தது விண்டோஸ். பரந்தனில் தட்டச்சுக் கடை வைத்திருக்கும் அண்ணை, மரண அறிவித்தல், திருவிழா நோட்டீஸ் எல்லாம் பாமினியில் குவித்து வைத்திருக்கிறார். "தம்பி, உதை என்ர கொம்பியூட்டரில போடலாமோ?" என்று காணும்போதெல்லாம் கேட்கிறார். லினக்ஸில் இருந்தே விண்டோஸ் நிரல் கட்டும் மின்ஜிடபிள்யூ கொம்பைலருக்கு ஒரு குறொஸ் கோப்பு (மெசனுக்கு அதை அறிமுகப்படுத்தும் கோப்பு) எழுதத் தொடங்கியிருக்கிறேன். 64 பிட் லினக்ஸில் லோங் என்ற எண் வகை 8 பைட், விண்டோஸில் 4. அந்த அளவைச் சொல்லும் சைஸ்ஒஃப்_லோங் மாக்ரோவை நம்பி எழுதிய இடங்களை முதலில் தேடிப் பிடிக்க வேண்டும். மான் பக்கத்தை (லினக்ஸ் கட்டளைகளுக்கான கையேட்டை) நிறுவும் வரியைக்கூட இன்னும் எழுதவில்லை, ஆனால் அண்ணைக்கு மான் பக்கம் எதற்கு?