ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாயில் தரம் பார்க்கக் கற்ற விதம்

ஒரே ஆண்டில் ஒரே நாணயச்சாலையில் அடிக்கப்பட்ட இரண்டு வெள்ளி ரூபாய்களில் ஒன்று வெள்ளியின் விலைக்குச் சற்று மேலாகவும், மற்றொன்று அதைப் போலப் பல மடங்காகவும் விலைபோவதற்கு அவற்றின் தரமே காரணம். அந்தத் தரத்தை விற்பவர் சொல்லிக் கேட்காமல் என் கண்ணாலேயே கணிக்க வேண்டும் என்ற விருப்பத்தில் நான் பயிற்சியைத் தொடங்கியபோது, ஒரு மூத்த சேகரிப்பாளர் கொடுத்த அறிவுரை, எல்லா நாணயங்களையும் பார்க்காமல் ஒரே வகையை மட்டும் நூற்றுக்கணக்கில் பார்க்க வேண்டும் என்பதுதான். நான் ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயைத் தேர்ந்தெடுத்தேன். 11.66 கிராம் எடையும் 91.7 சதவீத வெள்ளியும் கொண்ட இந்த நாணயம் 1911 முதல் 1922 வரை பெருமளவில் அடிக்கப்பட்டதால், அநேகமாக எல்லா நாணய வியாபாரிகளிடமும் தட்டு நிறையக் கிடைக்கும். நன்றாகத் தேய்ந்ததையும் புதிதாக இருப்பதையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

தர அளவுகோலைப் படித்துக்கொள்ள அதிக நேரம் ஆகவில்லை. அமெரிக்கர் வில்லியம் ஷெல்டன் 1949இல் தம் நாட்டின் பழைய செப்பு சென்ட்டுகளுக்காக வகுத்த 1 முதல் 70 வரையிலான அளவே இன்று உலகெங்கும் புழங்குகிறது. அதில் 60உம் அதற்கு மேலும் உள்ளவை புழக்கத்தின் தேய்மானமே இல்லாதவை; இவற்றை எம்எஸ் (மின்ட் ஸ்டேட்) என்பார்கள். 50 முதல் 58 வரை ஏயூ (அபவுட் அன்சர்குலேட்டட், ஏறக்குறைய புழங்காதது), 40க்கும் 45க்கும் எக்ஸ்ட்ரீம்லி ஃபைன், 20 முதல் 35 வரை வெரி ஃபைன் என்று இறங்கிக்கொண்டே போகும். இதை மனப்பாடம் செய்வது எளிது. கையில் இருக்கும் நாணயம் இவற்றில் எங்கே நிற்கிறது என்று சொல்வதுதான் கடினம்.

முதலில் பழகியது மேட்டுப்புள்ளிகளைத் தேடுவது. நாணயம் கைமாறும்போது மிக உயர்ந்து நிற்கும் இடங்களே முதலில் தேயும். ஐந்தாம் ஜார்ஜின் உருவத்தில் காது, புருவம், தாடி, கிரீடத்தின் மணிகள் ஆகியவற்றை வரிசையாகப் பார்த்துவிட்டு, அங்கியில் தொங்கும் சங்கிலியில் இருக்கும் சிறிய யானைக்கு வருவேன். யானையின் உடல் தட்டையாகி வெளிக்கோடு மட்டும் எஞ்சியிருந்தால் அந்த நாணயம் நெடுநாள் புழங்கியது என்று கொள்ளலாம். 1911ஆம் ஆண்டு ரூபாயை மட்டும் இந்த வழியில் எடைபோடக் கூடாது. அந்த ஆண்டின் அச்சிலேயே யானையின் துதிக்கையும் கால்களும் குட்டையாக அமைந்து, அது பன்றியைப் போலத் தெரிகிறது என்று எதிர்ப்பு எழுந்ததால், 1912இல் யானையின் உருவம் திருத்தப்பட்டது. ஆகவே, அங்கே துதிக்கை தெளிவாக இல்லாததைத் தேய்மானம் என்று எண்ணிவிடக் கூடாது.

எனக்கு மிக நீண்ட காலம் பிடித்தது, தேய்மானத்தையும் அச்சு சரியாக விழாததையும் பிரித்தறிவதற்குத்தான். இரண்டிலும் நுணுக்கமான கோடுகள் காணாமல் போயிருக்கும். வேறுபாட்டை ஒளிதான் காட்டும். அச்சு அழுத்தும்போது வெள்ளி மையத்திலிருந்து வெளிநோக்கி வழிந்து, கண்ணுக்குத் தெரியாத நுண்வரிகளை மேற்பரப்பில் உண்டாக்குகிறது. ஒற்றை மேசை விளக்கின் கீழ் நாணயத்தின் விளிம்பை இரு விரல்களால் பிடித்து மெல்லச் சாய்த்துச் சுழற்றினால், அந்த வரிகளில் படும் ஒளி சக்கரத்தின் ஆரக்கால்களைப் போலச் சுற்றி வரும். சேகரிப்பாளர்கள் லஸ்டர் என்று சொல்வது இதைத்தான். இந்த ஒளி மங்கலான காதின் மேலும் தடையின்றி ஏறி இறங்கினால் அங்கே அச்சு சரியாக விழவில்லை என்று பொருள். காதின் மேட்டில் மட்டும் ஒளி அறுந்து சாம்பல் நிறம் தெரிந்தால் அது தேய்மானம். உட்கூரையில் வரிசையாகப் பதித்த எல்இடி விளக்குகளின் கீழ் இந்த வேறுபாடு தெரியவே தெரியாது. லூப் என்னும் உருப்பெருக்கிக் கண்ணாடி கூட ஐந்து அல்லது ஏழு மடங்கு பெரிதாக்குவதே போதுமானது. அதற்கு மேல் போனால் நல்ல நாணயமும் காயம்பட்டதாகவே தோன்றும்.

அடுத்ததாகக் கற்றது, துலக்கப்பட்ட நாணயத்தை அடையாளம் காண்பது. நம் வீடுகளில் பூசை அறை வெள்ளியைத் திருநீற்றாலோ புளியாலோ தேய்த்துத் துலக்குவது வழக்கம். அங்கே இருந்த ரூபாய்களுக்கும் அதே கவனிப்பு கிடைத்திருக்கிறது. அன்போடு செய்த அந்தக் காரியம் மன்னரின் முகத்துக்கு முன்னுள்ள வெற்றுப் பரப்பில் மயிரிழைக் கீறல்களைக் கொத்துக் கொத்தாக விட்டுவிடுகிறது. நாணயத்தைச் சாய்க்கும்போது அவை ஒரு குறிப்பிட்ட கோணத்தில் மட்டும் மின்னும். அமிலக் கரைசலில் முக்கியெடுத்த நாணயத்தில் கீறல் இருக்காது. ஆனால் மேற்பரப்பின் மெல்லிய படலம் கரைந்துபோயிருப்பதால், பலமுறை முக்கியவற்றில் வெண்மை இருந்தும் ஒளியோட்டம் இருக்காது. நகையாகக் கோக்கப்பட்ட ரூபாய்களில் கிரீடத்துக்கு நேர் மேலே விளிம்பைப் பார்க்க வேண்டும். அங்கே பற்கள் மழுங்கியோ பற்றவைப்பின் தடம் மிஞ்சியோ இருந்தால், மற்ற இடங்கள் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் தரச்சான்று நிறுவனங்கள் எண் கொடுப்பதில்லை. குறைபாட்டைக் குறிப்பிட்டு 'டீடெயில்ஸ்' என்று மட்டும் எழுதிவிடுகின்றன.

இறுதிக்கட்டப் பயிற்சியாக, தரச்சான்று பெற்ற நாணயங்களை, தர எண் எழுதிய சீட்டை மறைத்துக் காட்டும்படி நண்பர் ஒருவரிடம் கேட்டுக்கொண்டேன். என் மதிப்பீட்டைத் தாளில் எழுதிய பிறகே சீட்டைத் திறப்போம். வெரி ஃபைன் வரையிலான தரங்களில் என் கணிப்பும் சீட்டும் விரைவிலேயே ஒத்துப்போகத் தொடங்கின. ஆனால் ஏயூ 58க்கும் எம்எஸ் 61க்கும் இடையில் அந்த ஒற்றுமை எளிதில் வரவில்லை. மூட்டைகளில் ஒன்றோடொன்று மோதிக் கன்னத்திலும் கழுத்திலும் வடுப்பட்ட 61ஐவிட, மிக இலேசாகத் தேய்ந்த 58 அழகாக இருப்பதுண்டு. அழகைத் தள்ளிவைத்து, தேய்மானம் உண்டா இல்லையா என்ற கேள்வியை மட்டும் முதலில் கேட்டுக்கொண்டால்தான் அந்த எல்லையில் சரியான விடை கிடைக்கும். தரச்சான்று நிறுவனங்களே இந்த எல்லையில் சில சமயம் மாறுபடுகின்றன என்பதால், ஓர் எண் முன்பின் ஆவதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

இப்போது விக்டோரியா ரூபாய்களுக்கு வந்திருக்கிறேன். அங்கே மேட்டுப்புள்ளிகள் வேறு: கன்னம், கூந்தல், உடையின் மார்புப் பகுதியில் உள்ள பூவேலைப்பாடு. 1862 என்ற ஆண்டைத் தாங்கிய ரூபாய்கள் அதற்குப் பின்னும் பல ஆண்டுகள் அதே தேதியோடு அடிக்கப்பட்டதால், ஒரே ஆண்டெண்ணுக்குள்ளேயே அச்சுகளின் வேறுபாடு மிகுதி. எனவே தரம் சொல்வதற்கு முன் அந்த வேலைப்பாடு எந்த வகை அச்சைச் சேர்ந்தது என்று தீர்மானிப்பதில் தொடங்குகிறேன்.