டிஸ்ட்ரோவை அப்புறம் பார்க்கலாம், முதலில் டேலிக்கு இடம் பாருங்கள்

விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு மாறப்போகிறேன் என்று யார் சொன்னாலும் உடனே வரும் கேள்வி, எந்த டிஸ்ட்ரோ, அதாவது லினக்ஸின் எந்தப் பதிப்பு என்பதுதான். உபுண்டுவா, மின்ட்டா, ஃபெடோராவா என்று பேச ஆரம்பித்தால் பேச்சு ஓய்வதில்லை. ஆனால் எங்கள் திருப்பூர், அவிநாசி, பல்லடம் பக்கத்துச் சின்ன ஆபீஸ்களில் இந்த மாற்றம் நிலைப்பதும் நிலைக்காமல் போவதும் டிஸ்ட்ரோவைப் பொறுத்ததே இல்லை. விண்டோஸில் ஓடுகிற கணக்கு மென்பொருளான டேலி இனி எங்கே ஓடும், டிஜிட்டல் சிக்னேச்சர் போடுகிற யுஎஸ்பி டோக்கனை எதில் செருகுவது, டெலிவரி சலான் அடிக்கிற டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர் என்ன ஆகும், இந்த மூன்றுக்கும் பதில் கையில் இருந்தால் எந்த டிஸ்ட்ரோ போட்டாலும் ஆபீஸ் ஓடும். பதில் இல்லாவிட்டால் எவ்வளவு அழகான டெஸ்க்டாப்பும் ஒரு வாரம் தாங்காது, பழையபடி விண்டோஸ் போட்டுக் கொடு என்று சொல்லிவிடுவார்கள். அதனால் என் யோசனை தலைகீழாகத்தான் இருக்கும்: முதலில் லினக்ஸுக்குள் விண்டோஸைத் தனிக் கம்ப்யூட்டர் மாதிரி ஓட்டுகிற வர்ச்சுவல் மெஷின் (சுருக்கமாக விஎம்) கருவியை முடிவு செய்யுங்கள், டிஸ்ட்ரோ தானாக முடிவாகும்.

நான் ஒரு பனியன் கம்பெனி ஆபீஸில் கணக்கும் கம்ப்யூட்டரும் சேர்த்துப் பார்க்கிறவன். இந்தப் பேச்சு இங்கே சூடு பிடித்ததே 2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்ததால்தான். பதிவு செய்துகொண்டால் அதற்குப் பிறகும் கொஞ்ச காலம் பாதுகாப்பு அப்டேட் மட்டும் கிடைக்கும், அவ்வளவுதான். விண்டோஸ் 11 போடலாம் என்றால் அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் பிராசசர் என்றால் பொதுவாக 8-ஆம் தலைமுறையாவது இருக்க வேண்டும். எங்கள் ஏரியாவில் பாதி ஆபீஸ்களில் இருப்பது 6, 7-ஆம் தலைமுறை ஐ5 மெஷின்கள். நல்ல எஸ்எஸ்டியும் 16 ஜிபி ரேமும் போட்டால் இன்னும் பல வருஷம் ஓடக்கூடியவை. அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

லினக்ஸ் நம் ஊருக்குப் புதுசும் இல்லை. 2011-இல் தொடங்கிய அரசு இலவச லேப்டாப்பில் விண்டோஸோடு பாஸ் என்ற இந்திய லினக்ஸும் சேர்ந்தே வந்தது. இன்று பனியன் கம்பெனிகளில் மெர்ச்சன்டைசராகவும் அக்கவுன்டன்டாகவும் உட்கார்ந்திருக்கிற பலர் அந்த லேப்டாப் வாங்கிய பிள்ளைகள்தான். அப்போது அதைத் திறந்து பார்த்தவர்கள் குறைவு, ஏனென்றால் அவர்களுக்கு வேண்டிய வேலை ஒன்றும் அதில் நடக்கவில்லை. மறுபடியும் அதுவே நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

சரி, கருவிக்கு வருவோம். லினக்ஸ் மேல் விண்டோஸ் ஓட்ட நடைமுறையில் மூன்று வழி: ஆரக்கிளின் வர்ச்சுவல்பாக்ஸ், விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன், அப்புறம் கேவிஎம். வைன் என்று நாலாவதாக ஒன்று உண்டு, அது விண்டோஸ் இல்லாமலே விண்டோஸ் புரோகிராமை ஓட்டப் பார்க்கும். விளையாட்டுக்கு அருமை. ஜிஎஸ்டி ஃபைல் பண்ண வேண்டிய மெஷினில் அதை நம்பி நான் டேலியை வைக்கமாட்டேன்.

வர்ச்சுவல்பாக்ஸ் எல்லோருக்கும் தெரிந்த பெயர். 2007-இல் இன்னோடெக் என்ற ஜெர்மன் கம்பெனி வெளியிட்டது, அடுத்த வருஷம் சன் வாங்கியது, சன்னை ஆரக்கிள் வாங்கியபோது ஆரக்கிள் கைக்குப் போனது. பழகுவதற்கு இதைவிட எளிதானது கிடையாது. ஆனால் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். கூடவே தருகிற எக்ஸ்டென்ஷன் பேக் சொந்த உபயோகத்துக்கும் படிப்புக்கும்தான் இலவசம், கம்பெனியில் போட்டால் லைசென்ஸ் வாங்க வேண்டும். இது தெரியாமல் நிறைய ஆபீஸ்களில் போட்டு வைத்திருக்கிறார்கள். 7.0 வெளியீட்டிலிருந்து யுஎஸ்பி 2, 3 ஆதரவு அடிப்படைத் தொகுப்பிலேயே வந்துவிட்டதால் பெரும்பாலானவர்களுக்கு அந்தப் பேக்கே தேவையில்லை, எடுத்துவிடுங்கள். இரண்டாவது விஷயம்தான் பெரிசு. வர்ச்சுவல்பாக்ஸ் தனக்கென்று சில கெர்னல் மாட்யூல்களை (லினக்ஸின் மையமான கெர்னலோடு சேருகிற துண்டுகள்) வெளியிலிருந்து கொண்டுவந்து போடுகிறது, கெர்னல் அப்டேட் ஆகும் ஒவ்வொரு முறையும் அவற்றைத் திரும்பக் கட்ட வேண்டும். பெரும்பாலும் அது தானாக நடந்துவிடும். நடக்காத நாள் ஜிஎஸ்டி கடைசித் தேதியாக இருந்தால் என்ன செய்வது? கையெழுத்து இல்லாத மென்பொருளைத் தடுக்கிற செக்யூர் பூட் ஆன் ஆகியிருந்தால் அந்த மாட்யூல்களுக்குக் கையெழுத்துச் சாவி பதிவு பண்ணுகிற வேலை தனி. கெர்னல் 6.12-இல் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது: கேவிஎம் மாட்யூல் ஏறும்போதே பிராசசரின் வர்ச்சுவலைசேஷன் வசதியைத் தன் கைக்கு எடுத்துக்கொள்வதால், வர்ச்சுவல்பாக்ஸ் திறந்தால் எரர் காட்டி நிற்பதும் உண்டு. பூட் ஆப்ஷனில் ஒரு வரி சேர்த்தால் சரியாகும், ஆனால் அந்த வரியை ஆபீஸில் இருக்கிற பொண்ணு தேடிக் கண்டுபிடிக்க வேண்டுமா?

விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் பழுத்த சரக்கு, முதல் பதிப்பு 1999-இல் வந்தது. 2023 நவம்பரில் பிராட்காம் கம்பெனியையே வாங்கிவிட்டது, 2024 நவம்பரிலிருந்து வொர்க்ஸ்டேஷன் புரோ கம்பெனி உபயோகத்துக்கும் சேர்த்தே இலவசம். விஎம்முக்குள் ஓடுகிற விண்டோஸில், அதாவது கெஸ்ட்டில், கிராபிக்ஸ் விஷயத்தில் இந்த மூன்றில் இதுதான் முதலிடம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இறக்குவதற்கே பிராட்காம் தளத்தில் கணக்குத் திறக்க வேண்டும், இதுவும் வெளி மாட்யூல்தான், புதுக் கெர்னல் வந்ததும் மாட்யூல் கட்டப்படாமல் அடம் பிடிப்பது வர்ச்சுவல்பாக்ஸைவிட இதில் அதிகம்.

கேவிஎம் அப்படி இல்லை. அது கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது, 2007 பிப்ரவரியில் வந்த 2.6.20 கெர்னலிலிருந்து. கும்ரானெட் என்ற இஸ்ரேல் கம்பெனியில் அவி கிவிட்டி தொடங்கிய வேலை, அடுத்த வருஷமே ரெட் ஹேட் அந்தக் கம்பெனியை வாங்கியது. கூகுள் கிளவுட் ஓடுவதும் கேவிஎம் மேல்தான். கெர்னல் அப்டேட் ஆனால் கேவிஎம்மும் கூடவே அப்டேட் ஆகிறது, தனியாகக் கட்டுவதற்கு ஒன்றுமில்லை, செக்யூர் பூட்டும் கேள்வி கேட்காது. வேலை செய்கிற ஆபீஸுக்கு இது ஒன்றே போதுமான காரணம். இதன் மேல் கம்ப்யூட்டரின் மற்ற பாகங்களாக நடிக்கிற க்யூஎமு, அதன் மேல் விஎம்களை நிர்வகிக்கிற லிப்விர்ட், கண்ணுக்குத் தெரிகிற ஜன்னலாக விர்ட்-மேனேஜர். பார்க்க வர்ச்சுவல்பாக்ஸ் அளவுக்கு லட்சணமாக இருக்காது, ஆனால் எல்லாமே டிஸ்ட்ரோவின் சொந்தக் களஞ்சியத்திலிருந்து வருகிறது. நான் இதைத்தான் எடுத்தேன். டிஸ்ட்ரோ லினக்ஸ் மின்ட் 22, உபுண்டு 24.04 மேல் கட்டியது, 2029 வரை ஆதரவு இருக்கிறது. டாஸ்க்பாரும் மெனுவும் விண்டோஸில் இருக்கிற அதே இடத்தில் இருப்பதால் யாருக்கும் கையைப் பிடித்துச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

போடும்போது முதலில் பயாஸில் இன்டெல் பிராசசரின் வர்ச்சுவலைசேஷன் வசதியான விடி-எக்ஸ் ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள், அசெம்பிள் பண்ணிய மெஷின்களில் இது பெரும்பாலும் ஆஃபில்தான் இருக்கும். அப்புறம் விர்ட்டியோ, விஎம்முக்கென்றே உள்ள டிஸ்க், நெட்வொர்க் வகை. விஎம்மின் டிஸ்க்கையும் நெட்வொர்க்கையும் விர்ட்டியோ வகையில் வைத்தால்தான் வேகம் கிடைக்கும், ஆனால் விண்டோஸுக்கு அந்த டிரைவர் கூடவே வராது. இன்ஸ்டால் ஓடிக்கொண்டிருக்கும், எங்கே போடுவது என்று கேட்கும் திரை வரும், பார்த்தால் டிஸ்க் பட்டியல் வெறுமையாக இருக்கும். முதல்முறை பார்ப்பவர்கள் பலரும் இங்கேதான் கேவிஎம்மைக் கைவிட்டுவிட்டு ஓடுகிறார்கள். ஃபெடோரா திட்டம் வெளியிடுகிற விர்ட்டியோ-வின் (virtio-win) என்ற ஐஎஸ்ஓ ஃபைலை முன்கூட்டியே இறக்கி, விஎம்முக்கு இரண்டாவது சிடி டிரைவாகச் சேர்த்து வைத்திருங்கள். அந்தத் திரையில் லோட் டிரைவர் கொடுத்து, சிடிக்குள் வியோஸ்டார் ஃபோல்டர், அதற்குள் உங்கள் விண்டோஸ் பதிப்பு, அதற்குள் ஏஎம்டி64 என்று போய்த் தேர்ந்தெடுத்தால் டிஸ்க் வந்து நிற்கும். விண்டோஸ் உள்ளே போனதும் அதே சிடியிலிருந்து நெட்வொர்க் டிரைவரையும் போட்டுவிடலாம்.

விஎம்முக்கு 16 ஜிபியில் 6 ஜிபி கொடுத்தால் டேலிக்குத் தாராளம். டிஸ்க் கியூகௌ2 வடிவில் வைத்தால் 80 ஜிபி என்று சொன்னாலும் உள்ளே நிரம்பிய அளவுதான் இடம் பிடிக்கும், விஎம்மின் அந்த நேரத்து நிலையை அப்படியே சேமிக்கிற ஸ்னாப்ஷாட்டும் எடுக்கலாம். இதில் ஒரு நுணுக்கம்: மின்ட் 22-இல் வருகிற லிப்விர்ட்டில் பழைய பயாஸுக்குப் பதிலான யூஈஎஃப்ஐ வைத்த விஎம்முக்கு விர்ட்-மேனேஜரின் சாதாரண ஸ்னாப்ஷாட் வேலை செய்யாது. விண்டோஸ் 10 என்றால் பயாஸ் முறையிலேயே போடுங்கள், டேலி அப்டேட்டுக்கு முன்னால் ஒரு கிளிக்கில் ஸ்னாப்ஷாட் எடுத்துக்கொள்ளலாம். விண்டோஸ் 11 போடுபவர்களுக்கு யூஈஎஃப்ஐ கட்டாயம், அதற்கு வேண்டிய டிபிஎம்மை எஸ்டபிள்யூடிபிஎம் என்கிற தொகுப்பு மென்பொருளாகவே தந்துவிடும்.

விண்டோஸ் லைசென்ஸ் பற்றிப் பலருக்கு அக்கறை இருப்பதில்லை, எனக்கு இருக்கிறது. மெஷினோடு வந்த லைசென்ஸ் ஒரு மெஷினில் ஒரு விண்டோஸுக்கு, அது நிஜ மெஷினானாலும் விஎம்மானாலும் ஒன்றுதான். டேலியையும் பழைய விண்டோஸில் இருக்கும்போதே லைசென்ஸை சரண்டர் பண்ணிவிட்டு, பிறகு விஎம்மில் ஆக்டிவேட் பண்ணுங்கள். மெஷினை ஃபார்மட் அடித்த பிறகு ஞாபகம் வந்தால் அலைச்சல்.

"ஏனுங்கண்ணா, இதுல டோக்கன் எடுக்குமுங்களா?" என்றுதான் ஆடிட்டர் ஆபீஸ் தம்பி முதலில் கேட்டான். நியாயமான கேள்வி, பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்கு ஜிஎஸ்டி ரிட்டர்னில் டிஜிட்டல் சிக்னேச்சர் இல்லாமல் முடியாது. டோக்கனைச் செருகிவிட்டு விர்ட்-மேனேஜரில் ஆட் ஹார்ட்வேர், யுஎஸ்பி ஹோஸ்ட் டிவைஸ், பட்டியலில் டோக்கனின் பெயர், அவ்வளவுதான். விண்டோஸுக்குள் நேரில் செருகிய மாதிரியே சத்தம் போட்டுக்கொண்டு வரும், பின் நம்பர் கேட்கும், கையெழுத்து விழும். தம்பி அன்றே திரும்பிப் போய் அவன் ஆபீஸிலும் ஒன்று போட்டுக் கொடுங்கள் என்றான். டாட் மேட்ரிக்ஸ் பிரின்டரையும் இதே வழியில் விஎம்முக்குள்ளேயே கொடுத்துவிட்டேன். டெலிவரி சலானில் டையிங், காம்பாக்டிங் என்று கட்டம் கட்டமாக விழ வேண்டியது பழைய டிரைவரில்தான் ஒழுங்காக விழுகிறது, லினக்ஸில் அதை மல்லுக்கட்டி நிறுத்துவதில் பிரயோஜனம் இல்லை.

நெட்வொர்க்கில் லிப்விர்ட் தானாகக் கொடுப்பது நாட் (NAT) முறை. விஎம் வெளியே போகும், வெளியிலிருந்து விஎம்முக்கு யாரும் வர முடியாது. ஒரே ஆள் டேலி என்றால் அப்படியே விடுங்கள். மூன்று பேர் ஒரே டேலி டேட்டாவில் வேலை செய்ய வேண்டுமென்றால் விஎம்மை ஆபீஸ் நெட்வொர்க்கில் நேராகச் சேர்க்கிற பிரிட்ஜ் போட வேண்டும், அதற்கு மெஷின் லேன் கேபிளில் இருக்க வேண்டும், வைஃபையில் பிரிட்ஜ் நேராக வேலை செய்யாது. டேலி டேட்டாவை லினக்ஸ் பக்கம் ஷேர் ஃபோல்டரில் வைக்கலாமே என்று தோன்றும். வேண்டாம், சின்னச் சின்ன ஃபைல்களாக எழுதுகிற மென்பொருள் ஷேர் ஃபோல்டரில் மெதுவாகிவிடும். டேட்டா விஎம்முக்குள் இருக்கட்டும், பேக்கப் மட்டும் ராத்திரி வெளியே வரட்டும். ஸ்னாப்ஷாட் பேக்கப் ஆகாது, அது இருப்பதும் அதே டிஸ்க்கில்தான்.

கரன்ட் விஷயம் நம் ஊரில் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். மாதாந்திரப் பராமரிப்பு என்று மின்வாரியம் ஒரு நாள் முழுக்க நிறுத்துவார்கள், மழைக்காலத்தில் சொல்லாமலே போகும். லினக்ஸ் பட்டென்று அணைந்தால் அது எழுந்துகொள்ளும், உள்ளே திறந்திருந்த டேலி கம்பெனி எழுந்துகொள்ளுமா என்பது அன்றைய அதிர்ஷ்டம். லிப்விர்ட்-கெஸ்ட்ஸ் என்று ஒரு சேவை இருக்கிறது, லினக்ஸ் ஷட்டவுன் ஆகும்போது விஎம்மை முறையாக மூடிவிட்டுத்தான் மெஷினை அணையவிடும். யுஎஸ்பி ஒயர் உள்ள யுபிஎஸ் என்றால் நட் (NUT) என்ற தொகுப்பு, பேட்டரி இறங்கியதைப் பார்த்துத் தானே ஷட்டவுன் கொடுக்கும். இரண்டையும் சேர்த்து வைத்துவிட்டால் ஆபீஸில் ஆள் இல்லாத நேரத்தில் கரன்ட் போனாலும் கணக்கு பத்திரம்.

மெயில், பிரவுசர், எக்ஸெல் வேலை எல்லாம் லினக்ஸ் பக்கம். விஎம்முக்குள் மெயில் திறப்பதில்லை, வெளியாள் பென்டிரைவ் போடுவதில்லை என்பது எங்கள் ஆபீஸில் கண்டிப்பு. ஆதரவு முடிந்த விண்டோஸை வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பிரிவினை ரொம்ப முக்கியம். தமிழ் டைப்பிங் ஐபஸ்-எம்17என் போட்டதும் தமிழ்99 வந்துவிட்டது. பாமினி எழுத்தில் வருகிற பழைய ஃபைல்களுக்கு மட்டும் விஎம்மைத் திறக்கிறோம்.

கேவிஎம் தோற்ற இடமும் உண்டு. என் மச்சான் சின்னதாக எம்பிராய்டரி ஜாப் ஒர்க் வைத்திருக்கிறார். அவர் டிசைன் மென்பொருளுக்கு லைசென்ஸுக்காக யுஎஸ்பியில் செருகுகிற டாங்கிள் உண்டு, அது டோக்கன் மாதிரியே விஎம்முக்குள் போய்விட்டது. ஆனால் தையலை பெரிதாக்கி நகர்த்தினால் படம் இழுத்துக்கொண்டு வந்தது, கேவிஎம்மில் விண்டோஸ் கெஸ்ட்டுக்கு 3டி வேகம் கிடையாது. விஎம்வேரில் நன்றாக ஓடியது. அவருக்கு அதையே போட்டு, கெர்னல் அப்டேட்டை மட்டும் நான் போய்ப் பார்த்துவிட்டுப் போடுகிற மாதிரி நிறுத்தி வைத்திருக்கிறேன். பக்கத்திலேயே இங்க்ஸ்கேப் என்ற படம் வரைகிற மென்பொருளில் இங்க்/ஸ்டிச் என்ற எம்பிராய்டரி இணைப்பைச் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன், இலவசம், லினக்ஸிலேயே ஓடும், எம்பிராய்டரி மெஷினுக்கு வேண்டிய டிஎஸ்டி ஃபைலையும் எழுதித் தரும். சின்ன லோகோக்களையும் பெயர் எழுத்துகளையும் அவர் இப்போது அதில்தான் போடுகிறார், பெரிய டிசைனுக்கு விஎம்மைத் திறக்கிறார்.