ஞாயிறு நள்ளிரவுக் கெடு

நகர்ப்புற ஊழியர்களுக்கு இணையவழியில் பாடம் நடத்தும் ஒரு கிறிஸ்தவத் தொண்டு நிறுவனத்தில் ஏழு ஆண்டுகள் பாட ஒருங்கிணைப்பாளராக இருந்தேன். வீடற்றோருக்கான இரவு விடுதிகளை நடத்துபவர்கள், போதைப் பழக்கத்திலிருந்து மீள முயல்வோருடன் தங்கியிருப்பவர்கள், சிறைக்குச் சென்று கைதிகளைச் சந்திப்பவர்கள், நெருக்கடியான குடியிருப்புகளில் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுப்பவர்கள், பத்துப் பேர் கூடும் வீட்டுச் சபையின் போதகர்கள் ஆகியோரே எங்கள் மாணவர்கள். பெரும்பாலோர் நாற்பது வயதைக் கடந்தவர்கள். ஊழியத்துக்கு வந்து பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஓடிய பிறகு, முறையாகக் கற்காமல் விட்டது உறுத்தியதால் எங்களிடம் சேர்ந்தவர்கள்.

நானோ இறையியல் கல்லூரி ஒன்றிலிருந்து வந்தவன். விடுதியில் தங்கிப் படிக்கும் இளைஞர்களுக்கு மணியடித்து வகுப்பு நடத்திப் பழகியவன். பழைய பாடத்திட்டத்தை அப்படியே வாரங்களாக வெட்டி, இணையத்தில் பாடம் நடத்துவதற்கென 2002-இல் வெளிவந்த, உரிமக் கட்டணமில்லாத மூடில் (Moodle) மென்பொருளில் ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் முதலில் எண்ணினேன். ஒவ்வொரு வார ஒப்படைப்புக்கும் ஞாயிறு நள்ளிரவைக் கெடுவாக வைத்தேன். வேலைக்குப் போகிறவர்களுக்கு வார இறுதியில்தான் ஓய்வு கிடைக்கும் என்பது யாரையும் கேட்காமல் நானாகப் போட்ட கணக்கு. ஒரு நாள் தாமதத்துக்கு மதிப்பெண்ணில் பத்தில் ஒரு பங்கு கழியும். முதல் இரண்டு பருவங்களிலும் கட்டுரைகள் பெரும்பாலும் தாமதமாகவே வந்தன. ஒழுங்கைப் பற்றி அறிவுரைக் கடிதம் ஒன்று எழுதி எல்லாருக்கும் அனுப்பினேன். அந்தக் கடிதத்தின் நகல் இன்னும் என்னிடம் இருக்கிறது. எடுத்துப் படிக்கும் துணிச்சல்தான் வரவில்லை.

அது போய்ச் சேர்ந்த மறுநாள், பெண்களுக்கான இரவு விடுதி ஒன்றை நடத்தும் மூத்த மாணவி ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். கோபம் எதுவும் குரலில் இல்லை. "தம்பி, நீங்க ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போறீங்கதானே?" என்று கேட்டார். போகிறேன் என்றேன். "அன்னைக்கு அங்க யாரு வேலை செய்றாங்கன்னு எப்பவாவது பாத்திருக்கீங்களா?"

அவர் தம் ஞாயிற்றுக்கிழமையை விவரித்தபோது குறுக்கே பேச எனக்கு ஒன்றுமில்லாமல் போயிற்று. காலை ஆராதனை. அது முடிந்ததும், வார நாட்களில் வேறு இடங்களில் சாப்பிட்டு அன்று அவை மூடியிருப்பதால் தேடி வருகிறவர்களுக்கும் சேர்த்து மதிய உணவு. பிற்பகலில் மருத்துவமனைச் சந்திப்பு. மாலையில் ஜெபக்கூட்டம். அதன்பின் விடுதிக் கதவைத் திறந்து, யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று பதிவேட்டில் எழுதுவார். வராதவர்களைத் தேடி ஆள் அனுப்புவார். என் கெடு முடியும் நள்ளிரவில்தான் அவர் உட்காருவார். சனிக்கிழமை முழுவதும் இவற்றுக்கான ஆயத்தத்தில் போய்விடும். ஊழியருக்கு ஓய்வு என்று ஒன்று வாய்த்தால், அது திங்களிலோ செவ்வாயிலோ வரும். ஊழியர்களுக்கென்றே தொடங்கப்பட்ட நிறுவனத்தில், அவர்களுடைய வாரத்தின் மிகக் கனமான மணித்துளியைத் தேடிப்பிடித்து அங்கே கெடுவை வைத்திருந்தேன்.

அடுத்த பருவத்திலிருந்து கெடுவைப் புதன்கிழமை இரவுக்கு மாற்றினோம். பாடத்தில் ஒரு பக்கத்தையும் குறைக்கவில்லை. ஆனால் தாமதங்கள் அரிதாயின. கட்டுரைகளின் தரம்கூட உயர்ந்தது. தூக்கத்தில் எழுதியதற்கும் விழித்து எழுதியதற்கும் உள்ள வேறுபாடு மட்டுமே அது என்று ஒரு சக ஆசிரியர் சொன்னார்.

இந்தப் படிப்பினை எனக்குத்தான் புதிது. 1963-இல் குவாத்தமாலாவின் பிரஸ்பிட்டேரியன் இறையியல் கல்லூரியில் ரால்ஃப் விண்டர், ஜேம்ஸ் எமரி முதலியோர் விரிவாக்க இறையியல் கல்வியைத் தொடங்கியதற்கு இதே சிக்கல்தான் காரணம். கிராமச் சபைகளை உண்மையில் நடத்திக்கொண்டிருந்த மூத்தவர்களால் நிலத்தையும் குடும்பத்தையும் விட்டு நகரத்துக் கல்லூரிக்கு வந்து தங்க முடியவில்லை. வந்து தங்கிப் படித்த இளைஞர்களில் பலர் கிராமத்துக்குத் திரும்பவில்லை. எனவே மாணவர் இருக்குமிடத்துக்குப் பாடத்தை அனுப்பினார்கள். வீட்டில் தானே படிப்பது, ஊழியத்தில் அதைச் செய்து பார்ப்பது, குறித்த நாளில் ஆசிரியருடன் சிறு குழுவாகக் கூடுவது என்ற மூன்றும் அந்த முறையில் பிணைந்திருந்தன. நாங்கள் இணையத்தின் வசதியில் மயங்கி மூன்றாவதைக் கைவிட்டிருந்தோம். இதை உணர்ந்து, வாரத்தில் ஒரு முறை நாற்பது நிமிட நேரடிச் சந்திப்பைத் திரும்பக் கொண்டுவந்தோம். அதில் விரிவுரை கிடையாது. அந்த வாரம் நடந்ததை ஒருவர் சொல்வார். மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள்.

கேள்வி எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதையும் அந்தச் சந்திப்புகளில்தான் கற்றேன். கொரிந்து பட்டணத்துச் சபைக்குப் பவுல் எழுதிய முதல் நிருபத்தின் ஏழாம் அதிகாரம், அவர்கள் தமக்கு எழுதிக் கேட்டிருந்த காரியங்களைக் குறித்து என்று தொடங்குகிறது. எத்தனையோ முறை அதை வகுப்பில் விளக்கியிருந்தும், அந்தத் தொடக்கத்தின்மேல் என் கண் நின்றதில்லை. எங்கள் பாடங்களோ யாரும் கேட்காத கேள்விகளுக்கு நிதானமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தன. விடுதிக்குக் குடித்துவிட்டு வருகிறவரை உள்ளே விடுவதா, மழையில் நிறுத்துவதா என்பது மாணவர்களின் கேள்வி. கிருபையைப் பற்றிய பாடத்தை அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கிய வாரத்தில், நாற்பது நிமிடச் சந்திப்பு இரண்டு மணி நேரம் நீண்டது.

நகர ஊழிய வரலாற்றுப் பாடத்தை அவர்கள் இவ்வளவு விரும்புவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. டேவிட் நாஸ்மித் 1826-இல் கிளாஸ்கோவிலும் 1835-இல் லண்டனிலும் நகர அருட்பணி அமைப்புகளைத் தொடங்கினார். லண்டன் அமைப்பின் ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று, சந்தித்தவற்றை நாட்குறிப்பில் எழுதி வைத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் குருப்பட்டம் பெறாத எளியவர்கள். இதைப் படித்ததும், "நாங்களும் இப்படி எழுதலாமா?" என்று ஒரு மாணவர் கேட்டார். அன்று முதல் இறுதிக் கட்டுரைக்குப் பதிலாகச் சந்திப்பு நாட்குறிப்பையும் ஏற்றோம். தட்டச்சு வராதவர்கள், கைப்பேசியை மட்டுமே நம்பியிருந்தவர்கள் குரல் பதிவாக அனுப்பினார்கள்.

அதிலிருந்து நான் முன்கூட்டிப் பார்க்கத் தவறிய சிக்கல் ஒன்று முளைத்தது. முதல் தொகுதி நாட்குறிப்புகளில் உண்மைப் பெயர்கள் இருந்தன. யாருக்கு என்ன நோய், யார் எந்த வழக்கில் சிறை சென்றார், யார் கணவனிடமிருந்து தப்பி வந்து ஒளிந்திருக்கிறார் என்பதெல்லாம் அப்படியே இருந்தன. சக மாணவர்கள் படிக்கும்படி அவற்றைப் பொதுப் பக்கத்தில் இட்டிருந்தோம். ஜெபக்கூட்டத்தில் ஒருவருடைய பாரத்தைப் பெயர் சொல்லிப் பகிர்வது சபையில் வழக்கம் என்பதால் எழுதியவர்களுக்கு அது உறுத்தவில்லை. எனக்கு உறுத்தியிருக்க வேண்டும். அன்றிரவே எல்லாவற்றையும் நீக்கினோம். அடுத்த நான்கு வாரங்கள் பெயரையும் இடத்தையும் அடையாளத்தையும் மாற்றி எழுதுவது எப்படி என்பதையே பாடமாக நடத்தினோம். தப்பி வந்த அந்தப் பெண்ணின் ஒப்புதலை யார் கேட்டார்கள் என்று ஒரு மாணவர் எழுப்பிய கேள்விக்கு எங்களில் எவரிடமும் பதில் இல்லை.

நன்கொடையாளர்களிடம் இவற்றையெல்லாம் விளக்குவது தனிப்பாடு. கட்டிடம் எழுப்பினால் படமெடுத்து அனுப்பலாம். நடுச்சாமத்தில் கைப்பேசி வெளிச்சத்தில் ஒருவர் படிப்பதை எப்படிப் படமெடுப்பது? ஆகவே அவர்கள் எண்களைக் கேட்டார்கள்: எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் பட்டம் பெற்றார்கள் என்று. அங்கீகாரம் வழங்கும் அமைப்புகளும் அதையே கேட்கும். அந்தக் கேள்வி நியாயமானதுதான். பிறர் பணத்தில் நடக்கும் நிறுவனம் கணக்குச் சொல்லியே ஆக வேண்டும். ஆனாலும் அறிக்கைப் படிவத்தை நிரப்பும் நாட்களில் எனக்கு மனம் கசந்தே இருந்தது.

எனக்குத் தொலைபேசியில் ஞாயிற்றுக்கிழமையைக் கற்பித்த அந்த அம்மா ஆறு பாடங்களை முடித்தார். ஏழாவதன் நடுவில் அவருடைய விடுதிக்கு இரண்டாவது கட்டிடம் கிடைத்தது. புதிதாகச் சேர்ந்த ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுக்க, எங்கள் பாடத்துக்காகத் தாம் எழுதிய நாட்குறிப்பிலிருந்து பெயர்களை எல்லாம் மாற்றி ஒரு சிறு கையேடு தயாரித்தார். அதன் ஒரு பிரதியை எனக்கும் அனுப்பி, இனித் தமக்குப் படிக்க நேரம் இராது என்று எழுதியிருந்தார். எங்கள் படிவத்தில் கையேட்டுக்கென்று பத்தி எதுவும் இல்லை. அந்த ஆண்டு அறிக்கையில் அவரை இடைநின்றோர் எண்ணிக்கையில் சேர்த்தேன்.