மூணு சுழி, ரெண்டு சுழி

மலேசியாவின் ஈப்போவில் பிறந்து வளர்ந்த எங்கள் மகனைக் காரைக்குடியில் திணறடித்தது வெயிலோ சாப்பாடோ இல்லை, தமிழ் எழுத்துதான். பேச்சில் குறை கிடையாது; அப்பத்தாவோடு நாள் முழுக்க வாயாடுவான். ஆனால் அங்கே மலாய்வழிப் பள்ளியில் படித்தவன். இங்கே ஏழாம் வகுப்பு சமூக அறிவியலில் ஒரு பக்கத்தைத் தாண்ட அரை மணி நேரம் ஆனது. டியூஷன் வைத்தோம், வாயே திறக்கவில்லை.

வகுப்பு டீச்சர்தான் பக்கத்து பெஞ்சுப் பையனைச் சேர்த்துவிட்டார். முதல் ரேங்க் எடுப்பவன் இல்லை, சுமாராகப் படிக்கிறவன். எங்கே தடுக்கும் என்று அவனுக்குத்தான் ஞாபகம் இருக்கும் என்றார். மதியம் சாப்பிட்டதும் வராண்டாவில் கால் மணி நேரம். இவன் வாசிக்க, அவன் வரிக்குக் கீழே விரலை நகர்த்திக்கொண்டே வருவான். “டேய், பின்னாடி ‘ட’ வருதுல்ல? அப்ப மூணு சுழிதான்டா!” ‘வண்டி’க்கும் ‘கன்று’க்கும் வித்தியாசம் இவனுக்கு அப்படித்தான் பிடிபட்டது. வீட்டுப்பாடத்தை எழுதிக்கொடுக்கக் கூடாது என்பதில் மட்டும் டீச்சர் கண்டிப்பு.

இது நம் ஊருக்குப் புதுசா என்றார் மாமனார். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாருக்கு உதவியாக இருந்த மூத்த மாணவன், சட்டாம்பிள்ளைதானே சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னான்! 1789-இல் எழும்பூர் அனாதைப் பள்ளிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்து, மாணவர்களை வைத்தே மாணவர்களுக்குக் கற்பித்தார். 1797-இல் லண்டனில் அதைப் புத்தகமாக்கினார். இங்கிலாந்தில் ‘மெட்ராஸ் முறை’ என்றே அதற்குப் பெயர். ஆனால் சட்டாம்பிள்ளைக்கு அதிகாரமும் இருந்தது. கூடப் படிக்கிற பையனுக்கு அது வேண்டவே வேண்டாம். பயம் இல்லாததால்தான் என் பிள்ளை வாய்விட்டு வாசித்தான்.

பிற்காலச் சோழர் பாடத்தில் ராஜேந்திரனின் கடாரப் படையெடுப்பு வந்தது. கடாரம்தான் இன்றைய மலேசியாவின் கெடா. “கெடாவா? நான் போயிருக்கேனே!” என்று பூஜாங் பள்ளத்தாக்கில் பார்த்த கோயில் இடிபாடுகளை நண்பனுக்கு விவரித்திருக்கிறான். டீச்சர் அதையே வகுப்பு முழுக்கச் சொல்ல வைத்தார். அன்றைக்குப் பிறகுதான் கை தூக்கிக் கேள்வி கேட்கத் தொடங்கினான்.

அந்தப் பையனின் அம்மாவுக்கு மட்டும் ஒரு மனத்தாங்கல். “எம் பிள்ளை படிப்பு கெட்டுறாதா, ஆச்சி?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. சொல்லிக்கொடுக்கிறவனுக்கும் பாடம் பதியும் என்பது உண்மைதான், ஆனாலும் அவன் நேரம் அவனுடையது. பரீட்சை சமயத்தில் வேண்டாம், பருவத்துக்கு ஒரு தடவை ஜோடியை மாற்றலாம் என்று டீச்சரோடு பேசி முடிவு செய்தோம். இங்கிலீஷுக்கு என் மகன் அவனோடு உட்கார வேண்டும் என்று அந்த அம்மாவே கேட்டார். சனிக்கிழமைகளில் இப்போது எங்கள் வீட்டில் நடக்கிறது.