சாங்கியிலிருந்து நெவார்க்: 14 மணி நேரம் சுகம், மீதி நேரம் பொறுமை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க் பக்கம் எங்கும் இறங்காமல் போகிற விமானம் ஒரு பெரிய சாதனை. அதில் 14 மணி நேரம் வரைக்கும் சுகமாகவே உட்கார்ந்திருக்கலாம். அதற்குப் பிறகு எவ்வளவு நல்ல இருக்கையாக இருந்தாலும் உடம்பு ஏற்றுக்கொள்வதில்லை. இதை யாராவது எனக்கு முன்னாடியே சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதனால்தான் ஊர் திரும்பிய சூட்டோடு எழுதுகிறேன்.

தம்பி நியூ ஜெர்சியில் எடிசனில் இருக்கிறான். அவனுக்கு இரண்டாவது குழந்தை பிறந்ததும், அம்மா பேத்தியைப் பார்த்தே தீர வேண்டும் என்றார். அம்மாவுக்கு முழங்கால் வலி. இடையில் விமானம் மாறுவது, நடப்பது, வரிசையில் நிற்பது எல்லாம் கஷ்டம். சரி, போகும்போது நியூ ஜெர்சியிலேயே இருக்கும் நெவார்க் வரை நேர் விமானம், திரும்பும்போது நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்திலிருந்து ஃபிராங்க்பர்ட் வழியாக வருவது என்று முடிவு செய்தேன். இரண்டு வழியும் நேராகவே போய்வர என் பட்ஜெட் இடம் கொடுக்கவில்லை.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இந்தப் பயணத்தைப் பற்றிப் பேசவே முடியாது. இந்த நேர் விமானத்தில் எகானமி வகுப்பே கிடையாது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் ஏ350-900 யூஎல்ஆர் (மிக நெடுந்தூர வகை) விமானத்தில் மொத்தமே 161 இருக்கைகள்: பிசினஸ் 67, ப்ரீமியம் எகானமி 94. பிசினஸ் நமக்கு ஆகாது. ஆக, ப்ரீமியம் எகானமிதான் இருப்பதிலேயே மலிவு. ஃபிராங்க்பர்ட் வழி எகானமிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை அம்மாவுக்கும் எனக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டால், அந்த வெள்ளியில் (சிங்கப்பூர் டாலரில்) நாங்கள் குடும்பத்தோடு சென்னைக்குப் போய் வந்துவிடலாம். டிக்கெட் எடுக்கும் பக்கத்தைத் திறப்பதும் மூடுவதுமாக ஒரு வாரம் ஓடியது.

ஏன் எகானமி இல்லை என்று தெரிந்த பிறகு மனசு கொஞ்சம் சமாதானம் ஆனது. எல்லாம் எடைதான் காரணம். 15,300 கிலோமீட்டருக்கு மேல் பறக்க வேண்டும். இந்த விமானத்தின் டாங்கியில் 165,000 லிட்டர் எரிபொருள் பிடிக்கும். அதாவது 130 டன்னுக்கு மேல். விமானம் தரையிலிருந்து எழும்பும்போது இருக்கக்கூடிய உச்ச எடையே 280 டன்தான். டாங்கியை நிரப்பினால் கிட்டத்தட்ட பாதி எடை எரிபொருளுக்கே போய்விடும். அந்த எரிபொருளைச் சுமப்பதற்கும் எரிபொருள் செலவாகும். அதனால் ஆட்களைக் குறைக்கிறார்கள். முன்பக்கச் சரக்கு அறையையும் பயன்படுத்துவதில்லை. 2004-ல் இதே வழித்தடத்தை நான்கு எஞ்சின் கொண்ட ஏ340-500 வைத்துத் தொடங்கினார்கள். எரிபொருள் விலை கட்டுப்படியாகாமல் 2013-ல் நிறுத்திவிட்டார்கள். இரண்டு எஞ்சின் ஏ350 வந்த பிறகு 2018 அக்டோபரில்தான் நெவார்க் சேவை மறுபடியும் உயிர் பெற்றது.

இருக்கை எனக்கு ரொம்பப் பிடித்தது. முன் வரிசைக்கும் நமக்கும் 38 அங்குல இடைவெளி. கெண்டைக்காலைத் தாங்க ஒரு பலகை, பாதம் வைக்க ஒரு கம்பி. வரிசைக்கு 2-4-2 என்று இருப்பதால் ஓரத்து இரண்டை அம்மாவுக்கும் எனக்கும் பிடித்தேன். தனியாகப் போகிறவர்கள் கடைசி மூன்று வரிசைகளைப் பார்க்கவும். விமானத்தின் உடல் கூடு அங்கே குறுகுவதால் ஓரத்தில் ஒற்றை இருக்கைதான் இருக்கிறது. பக்கத்தில் யாரும் இல்லை, சாமான் வைக்கத் தனி இடமும் உண்டு. அதற்குத் தனிக் கட்டணம். தனியாகப் போனால் கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பேன்.

பயணம் சுகமாக இருந்ததற்குக் காற்றும் ஒரு காரணம். பழைய விமானங்களில் உள்ளே இருக்கும் காற்றழுத்தம் 8,000 அடி உயரத்து மலையில் இருப்பதற்குச் சமம். ஊட்டிக்கும் மேலே. ஏ350-ல் அது 6,000 அடி, குன்னூர் உயரம். ஈரப்பதமும் கொஞ்சம் கூடுதல். வழக்கமாக எனக்கு நாலு மணி நேரத்திலேயே மூக்கு எரிய ஆரம்பித்துவிடும். இந்த முறை அது வரவே இல்லை.

ராத்திரி கிளம்பியதும் சாப்பாடு கொடுத்தார்கள். சைவச் சாப்பாடு முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தேன், மோசமில்லை. ஆனால் அன்றைய நல்ல சாப்பாடு அதுவல்ல. அம்மா மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லியை வாழையிலையில் மடித்துக் கொண்டுவந்திருந்தார். ஜப்பானுக்குக் கிழக்கே பசிபிக் மேலே எங்கோ போய்க்கொண்டிருந்தபோது பொட்டலத்தைப் பிரித்தார். விமானச் சாப்பாட்டை எவ்வளவு நன்றாகச் செய்தாலும் அந்த இட்லிக்கு ஈடாகாது. யாருக்கும் வாடை அடிக்குமோ என்று நான் தயங்கினேன். "சாப்பிடுடா, ஊரே தூங்குது" என்றார் அம்மா. எட்டு இட்லியும் காலி.

இந்தப் பயணத்தில் இரண்டு ராத்திரியும் ஒரு குட்டிப் பகலும் வரும். நள்ளிரவுக்குச் சற்று முன் சாங்கியை விட்டுக் கிளம்பினால், கிழக்கே சூரியனை நோக்கிப் பறப்பதால் ஐந்தாறு மணி நேரத்தில் விடிந்துவிடுகிறது. அலாஸ்கா பக்கம் போகும்போது மறுபடியும் இருட்டு. கனடாவைத் தாண்டி நெவார்க்கில் இறங்கும்போது இன்னொரு விடியல். நடுவில் தேதிக் கோட்டைத் தாண்டுவதால் நாட்காட்டியில் ஒரே ஒரு நாள்தான் மாறியிருக்கும்.

இரண்டு விடியல் பார்த்ததும் எனக்குக் கொக்கல ஏரி ஞாபகம் வந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1943-லிருந்து 1945 வரை, ஆஸ்திரேலியாவின் குவாண்டஸ் விமான நிறுவனம் அங்குள்ள பெர்த்திலிருந்து இலங்கையில் காலிக்குப் பக்கத்திலுள்ள கொக்கல ஏரிக்கு கேட்டலினா கடல் விமானங்களை ஓட்டியது. எங்கும் இறங்காமல் 27 மணி நேரத்துக்கு மேல். வானத்திலேயே இரண்டு சூரிய உதயம். அதிகபட்சம் மூன்று பயணிகள், மீதியெல்லாம் எரிபொருளும் தபாலும். எதிரி கண்ணில் படக் கூடாது என்று ரேடியோவைக்கூடப் பயன்படுத்தாமல், நட்சத்திரம் பார்த்து வழி கண்டுபிடித்துப் போயிருக்கிறார்கள். எடைக்குப் பயந்து ஆட்களைக் குறைப்பது அன்றைக்கே இருந்த கணக்கு. அந்த விமானிகளை நினைத்தால் எனக்கு இப்போதும் மெய்சிலிர்க்கிறது.

சரி, 14-வது மணிக்கு வருகிறேன். அதுவரை தூங்கினேன், படம் பார்த்தேன், எழுந்து நடந்தேன். எல்லாம் நன்றாகவே போனது. அப்புறம் எப்படி உட்கார்ந்தாலும் இடுப்பு வலி. வலது பக்கம் சாய்ந்தால் பத்து நிமிடம், இடது பக்கம் சாய்ந்தால் பத்து நிமிடம். தூக்கமும் வராது, விழித்திருக்கவும் முடியாது. திரையில் வரைபடத்தைப் பார்த்தால் இன்னும் கனடா பாதிகூடத் தாண்டவில்லை. சுற்றிலும் பலர் எழுந்து நடைபாதையில் நின்றுகொண்டிருந்தார்கள். நிற்பதற்கென்று ஒதுக்கிய இடம் எதுவும் ப்ரீமியம் எகானமியில் இல்லை. கழிவறைப் பக்கத்தில் நாலு பேர் காலை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தோம்.

இதை வெறும் அலுப்பு என்று விட்டுவிடாதீர்கள். நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் கால் இரத்த நாளங்களில் இரத்தம் கட்டும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வே சொல்கிறது. மொத்தத்தில் அது அரிதான விஷயம்தான். ஆனாலும் வயதானவர்களைக் கூட்டிப்போகும்போது மருத்துவரைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். எங்கள் மருத்துவர் அம்மாவுக்கு இறுக்கமான நீளக் காலுறை எழுதிக் கொடுத்தார். நான் அலாரம் வைத்து அவரை எழுப்பி நடக்கவைத்தேன். அப்படியும் இறங்கும்போது கணுக்கால் வீங்கித்தான் இருந்தது.

நெவார்க்கில் இறங்கி, குடிநுழைவு முடித்து வெளியே வந்தால் அங்கே ஆரம்பித்தது ஆத்திரம். தம்பிக்கு அன்றைக்குக் காலையில் வேலை. வாசலிலேயே ஒருவர் வந்து "எடிசனா? 80 டாலர்" என்று பெட்டியைப் பிடித்துக்கொண்டார். அம்மாவால் நிற்க முடியவில்லை, ஏறிவிட்டோம். தம்பி வீட்டு வாசலில் இறக்கிவிட்டுக் கேட்டது 145 டாலர்! சுங்கச்சாவடிக்கு இவ்வளவு, பெட்டிக்கு இவ்வளவு, அதிகாலை என்பதற்கு இவ்வளவு என்று வாய்க்கு வந்த கணக்கு. ரசீது கேட்டால் இல்லை. பேசிய 80-க்கு மேல் சுங்கக் கட்டணம் மட்டும்தான் தருவேன் என்று நின்றேன். தம்பி மனைவி கைக்குழந்தையோடு வெளியே வந்து, போலீஸைக் கூப்பிடட்டுமா என்று கேட்ட பிறகுதான் அவர் குரல் இறங்கியது. பத்தொன்பது மணி நேரம் பறந்து வந்த ஒரு முதியவளைக் காரில் உட்காரவைத்துக்கொண்டு பேரம் பேசுகிறவர்களை என்ன சொல்வது! வாசலில் தானாக வந்து கேட்கிறவர்களோடு போகாதீர்கள். டாக்சி வரிசை தனியாக இருக்கிறது. அங்கே போனால் கட்டணத்தை எழுதிக் கொடுப்பார்கள். பெட்டி குறைவாக இருந்தால் விமான நிலைய ரயில் நிலையத்திலிருந்து நியூ ஜெர்சி ட்ரான்ஸிட் பிடித்து மெட்ரோபார்க்கிலோ எடிசனிலோ இறங்கிவிடலாம், செலவு அதில் ஒரு சிறு பங்குதான்.

எடிசனில் இருந்த நாட்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. குழந்தை, தூக்கம், குழந்தை.

திரும்பும் நாள் கென்னடி விமான நிலையம் போகும் வழியில் தம்பி எங்களை நியூயார்க்கில் உள்ள ஃப்ளஷிங் பிள்ளையார் கோயிலுக்குக் கூட்டிப்போனான். 1977-ல் குடமுழுக்கு நடந்த கோயில், அமெரிக்காவின் பழைய இந்துக் கோயில்களில் ஒன்று. தரிசனம் முடிந்து படியிறங்கினால் கீழ்த்தளத்தில் கேண்டீன். ஓரம் மொறுமொறுவென்று, நடுவில் மெத்தென்று மசாலா தோசை. தண்ணீர் சாம்பார் இல்லை, பருப்பு வாசம் வரும் சாம்பார். பொங்கலில் மிளகு பல்லில் கடிபட்டது. அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு, "இது நம்ம ஊர்க் கைதாண்டா" என்றார். மூன்று பேரும் வயிறு நிறையச் சாப்பிட்டும் நியூயார்க்கில் ஒரு சாதாரண உணவகத்தில் ஒருவருக்கு ஆகிற பில்லை விடப் பெரிதாகப் போகவில்லை. கென்னடியிலிருந்து யார் கிளம்பினாலும், மதியமே புறப்பட்டு இங்கே சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

ஃபிராங்க்பர்ட் வழிப் பயணத்தில் எங்கள் இருவருக்கும் நேரெதிர் அனுபவம். ஏழெட்டு மணி நேரத்தில் இறங்கி, முகம் கழுவி, நீள நடை நடந்து, ஒரு காபி குடித்தது எனக்குப் புது உயிர் கொடுத்தது. அந்த 14-வது மணி வேதனை எனக்கு வரவே இல்லை, அதுவும் எகானமியில். அம்மாவுக்கோ அது தண்டனை. நல்ல தூக்கத்தில் எழுப்பி, கைப்பையெல்லாம் எடுத்துக்கொண்டு எல்லாரும் இறங்க வேண்டும். மறுபடியும் பாதுகாப்புச் சோதனை. சக்கர நாற்காலிக்குக் காத்திருப்பு. அப்புறம் இன்னும் பன்னிரண்டு மணி நேரம். சிங்கப்பூர் வந்து சேர்ந்து மூன்று நாள் முழங்காலுக்கு ஒத்தடம் கொடுத்தோம்.

இன்னும் நீளமான பயணங்கள் வரப்போகின்றன. குவாண்டஸ் சிட்னியிலிருந்து லண்டனுக்கு 20 மணி நேரத்துக்கு மேல் நேராகப் பறக்கத் திட்டமிட்டிருக்கிறது. ஏ350-1000-ல் வழக்கமாக 300 பேருக்கு மேல் ஏறலாம், இவர்கள் 238 இருக்கைதான் வைக்கிறார்கள். அதைவிட எனக்குப் பிடித்தது, நின்று உடம்பை நீட்டி மடக்கவும் தண்ணீர் குடிக்கவும் தனி இடம் ஒதுக்குகிறார்கள். 2019-ல் நியூயார்க்கிலிருந்து சிட்னிக்கு 19 மணி 16 நிமிடம் சோதனையாகப் பறந்து, பயணிகளை நடக்கவும் உடற்பயிற்சி செய்யவும் வைத்துப் பார்த்த பிறகு எடுத்த முடிவு இது. அந்த இடம் எல்லா நெடுந்தூர விமானத்திலும் வேண்டும். இருக்கையை இன்னும் ஓர் அங்குலம் அகலமாக்குவதைவிட அது பெரிய உபகாரம்.

பேத்திக்கு முதல் பிறந்தநாள் அடுத்த வருடம். அம்மா இப்போதே நாள் எண்ண ஆரம்பித்துவிட்டார். அவருக்குப் போக, வர இரண்டும் நேர் விமானம்தான், அதில் மாற்றுப் பேச்சில்லை. என் தங்கை கூடப் போவதாகச் சொல்லியிருக்கிறாள். நான் ஃபிராங்க்பர்ட் வழியாக எகானமியில் தனியாகப் போய்ச் சேர்ந்துகொள்கிறேன். மிச்சமாகும் வெள்ளி அம்மா டிக்கெட்டுக்கு.